எஸ்தர் மாற்றிய கேள்வி

போன செவ்வாய்க்கிழமை படப்பையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சேரப்பணஞ்சேரியிலிருந்து போன் வந்தது. எஸ்தர் போய்விட்டார். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

மறைமலை நகர் தொழிற்சாலையில் அவரோடு உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 1991 சம்பளப் பேச்சுவார்த்தையில் நான் அடித்த கூத்து பலருக்குத் தெரியாது.

சங்கச் செயலாளர் நான். ஒரு குடும்பம் மரியாதையாக வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று காட்ட, தொழிலாளர் வீடுகளுக்குப் போய் என்ன குறை என்று கேட்டு எழுதினேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்து, "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்கள். அரிசி, வாடகை எல்லாம் நோட்டில் ஏறியது. ‘மற்ற தேவை’ என்ற கட்டம் மட்டும் காலி. அந்த நோட்டைத்தான் பெருமையாக மேலாளரிடம் நீட்டினேன்.

"மத்தபடி தேவையே இல்லேன்னு உங்க நோட்டே சொல்லுதே" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும், சங்கத்தின் சார்பில் என்னோடு வந்திருந்த எஸ்தர் பிடித்துக்கொண்டார். "வூட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராவது கொறைய சொல்லுவாங்களாண்ணா? நோட்ட குடுங்க."

ஷிப்ட் முடிந்து அதே வீடுகளுக்குப் போனார். கேட்டது ஒன்றே ஒன்று: "எத்த தள்ளி வச்சிகினு கீறீங்க?" மாமனாரின் ஆபரேஷன், ஒழுகும் கூரை, மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பது. கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். குறை என்றால் வெட்கம். தள்ளிவைத்தோம் என்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

கடைசி வீடு என்னுடையது. "செயலாளர் வூட்ல இன்னா இருக்கப்போவுது?" என்றேன் கிண்டலாக. என் மனைவி சரஸ்வதி என்னைப் பார்க்காமலே அவரிடம் சொன்னாள்: "பல்லு. மூணு மாசமா ஒரு பக்கந்தான் மெல்லறேன்." தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். கூனிக் குறுகிப் போனேன்.

அடுத்த பேச்சுவார்த்தையில் பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாக வாசித்தார் எஸ்தர். மேலாளர் சிரிக்கவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் வைத்தியமும் பிள்ளைகள் படிப்பும் முதன்முறையாகச் சம்பளத்தில் சேர்ந்தன. எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அன்று அவர் பேசியதுபோல ஒருநாளும் பேசியதில்லை.

அவருடைய அந்தக் கேள்வியை மாதக் கடைசியில் இன்றும் சரஸ்வதியிடம் கேட்கிறேன். செவ்வாயன்று செய்தியைச் சொன்னதும் அழுதாள். பிறகு, "அவங்க எத்த தள்ளி வச்சாங்கன்னு நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். எஸ்தர் வீட்டுக்கான பக்கத்தில் ‘மற்ற தேவை’ கட்டம் காலியாகவே இருந்தது.