மும்தாஜும் தண்ணித் தெள்ளும்

மசாலாவை அரைத்து மூடி வைத்துவிட்டுத்தான் மும்தாஜ் மீன் பிடிக்கக் கிளம்புகிறார். அதையும் இன்ன மீனுக்கு என்று தீர்மானித்தே அரைக்கிறார். விராலுக்கு மிளகு தூக்கல், வாளைக்குப் புளி தூக்கல். "மீனு இன்னும் தண்ணிக்குள்ள நீந்தீட்டு இருக்குது, நீ மசாலா அரச்சு வெச்சிருக்கற" என்று கணவர் கலீல் வாராவாரம் சொல்லிப் பார்க்கிறார். "மசாலா காயுதுன்னு தெரிஞ்சா அது தானா வருமுங்க" என்பது மும்தாஜின் பதில்.

கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு நைட்டிக் கடை. அங்கே கழுத்தில் அளவு நாடாவோடு நிற்பவரும், ஞாயிற்றுக்கிழமை அணைத் தண்ணீரில் படகின் பின்பலகையில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவர்தான் என்றால் சட்டென்று நம்பமாட்டீர்கள். முக்காட்டுக்கு மேலே கலீலின் பழைய கிரிக்கெட் தொப்பி. கலீல் துடுப்புப் போட, படகு ஆள் நடக்கிற வேகத்தில் போகும். வெகுதூரம் பின்னால், தங்கூசி என்கிற நைலான் நரம்பின் நுனியில், தகரத்தில் செய்த பொய் இரை மினுங்கிக்கொண்டே வரும். துரத்தி வந்து கவ்வுகிற மீனுக்காக இந்த ஏற்பாடு.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிகிற மாதங்களில், மீனுக்கு முன்னால் வேறொன்று வந்து தங்கூசியைப் பிடித்துக்கொள்ளும். மும்தாஜ் அதற்கு வைத்த பெயர் தண்ணித் தெள்ளு. கடுகில் பாதிகூடத் தேறாத நீர்ப்பூச்சி. ஆனால் வால் முள் மாதிரி. ஒன்று மாட்டினால் அதன்மேல் இன்னொன்று தொற்றும். கொஞ்ச நேரத்தில் தங்கூசி முழுக்க ஊறிய சப்ஜா விதையைப் பூசியதுபோல் கொழகொழத்துப் போகும். இழுத்துச் சுற்றினால், அத்தனையும் தூண்டில் கம்பின் நுனி வளையத்தில் திரண்டு அடைத்துக்கொள்ளும். பிறகு ரீல் சுற்றாது.

இதற்கு அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. மெழுகுவர்த்தி தேய்த்தார். தேங்காய் எண்ணெய் தடவினார். "அப்படியே பவுடரும் போட்டு உடு" என்றார் கலீல். கடைசியில் மும்தாஜ் தடித்த தங்கூசிக்கு மாறினார். "மெல்லிசா இருந்தாத்தானுங்க அதுக்குப் பிடி கெடைக்குது." அதோடு விடாமல் ஆட்காட்டி விரலால் தங்கூசியைச் சுண்டிக்கொண்டே இருப்பார். அது அதிர அதிர, ஒட்டியவை உதிரும். "எறங்கு, எறங்கு. டிக்கெட் எடுக்காம எத்தன பேருதான் ஏறுவீங்க?" என்று பேச்சு வேறு. பழக்கம் முற்றி, கடையில் பேரம் நடக்கும்போதும் அந்த விரல் அளவு நாடாவைச் சுண்டுகிறது.

போன மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. மகளின் மாமியார் ரஜீனா, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பொள்ளாச்சியிலிருந்து விருந்துக்கு வருவதாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் அந்த அம்மாள் "சரிங்க", "ஆகட்டுங்க" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கெத்தா, வருத்தமா என்று தெரியாமல் மும்தாஜுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் கறி வாங்க விடவில்லை. விரால் மசாலா அரைத்தாயிற்று.

அன்றைக்கென்று பார்த்துத் தெள்ளு அப்பிக்கொண்டது. சுண்டிச் சுண்டி விரல் சிவந்ததுதான் மிச்சம். வெயில் ஏற ஏறக் கலீல் கரையையே பார்த்தார். "போலாம் புள்ள. கறிக்கடை இன்னும் தொறந்துதான் இருக்கும்."

அப்போது கம்பு வளைந்தது. வளைந்த வேகத்தில் மும்தாஜின் தொப்பி தண்ணீரில் போய் விழுந்தது. அவசரமாக ரீலைச் சுற்றினார். நுனி வளையத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெள்ளு திரண்டு, ரீல் நகர மறுத்தது.

"அறுத்து உட்டுரு!" என்றார் கலீல்.

"அரச்ச மசாலாவ என்னங்க பண்றது? கரைக்கு வலிங்க!"

கலீல் மூச்சு வாங்கத் துடுப்பு வலித்தார். கரை தட்டியதும் மும்தாஜ் கம்போடு குதித்து, புல் சரிவில் மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தார். ரீல் சுற்றாவிட்டால் என்ன, ஆள் நடந்தால் மீனும் கூட வந்துதானே ஆகவேண்டும்! ஆனால் மீனுக்கும் பலம் இருந்தது. ஓர் இழுப்பில் அவர் சேற்றில் வழுக்கிக் கீழே வந்தார்.

மேலே, பொள்ளாச்சியிலிருந்து வரும் சாலையில் கார் ஒன்று நின்றது. இறங்கியவர் சரிகைப் புடவையில் ரஜீனா. மும்தாஜுக்கு உயிரே போய்விட்டது. முழங்கால் வரை சேறு, முக்காடு கழுத்தில். விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரி நிற்கிற கோலமா இது?

ரஜீனா செருப்பை உதறிவிட்டுச் சரிவில் ஓடி வந்தார். "உடாதீங்க சம்மந்தி! உட்டுறாதீங்க!" என்று கத்திக்கொண்டே மும்தாஜின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். இரண்டு பேருமாகப் பின்னோக்கி ஏறினார்கள். தொடைப் பருமனில் ஒரு விரால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு புல்லுக்கு வந்தது. கலீல் ஓடிவந்து அதன்மேல் அப்படியே விழுந்து கட்டிப்பிடித்தார்.

சிரித்து ஓய்ந்து மூச்சு வந்ததும் மும்தாஜ் கேட்டேவிட்டார். "மண்டபத்துல பேசவே இல்லீங்களே. எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

"அட, நீங்க வேற! கடவாய்ப் பல்லு வலிங்க. வாயத் தொறந்தா அழுதுருவனோன்னு பயம். பிரியாணிகூட எறங்கலீங்க."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை இரண்டு பேரும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கலீல் மீனோடு சரிவேறிக் காருக்குப் போனார். ரஜீனாவும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தெள்ளு காய்ந்தால் கோந்துபோல் இறுகிவிடும் என்பதால், மும்தாஜ் படகுக்குத் திரும்பிப் பலகையில் உட்கார்ந்து தங்கூசியை வழிக்கத் தொடங்கினார். மேலேயிருந்து கலீல் கூப்பிட்டார். "நேரமாச்சு, வாங்க!"

பாதிச் சரிவில் ரஜீனா நின்றார். திரும்பிக் கீழே இறங்கி வந்தார். படகின் விளிம்பில் கை வைத்தபடி, வெயிலில் விரிந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தார்.

"அக்கரைப் பக்கம் இன்னும் பெருசா இருக்குமுங்களா?"

மும்தாஜ் தங்கூசியை வழிப்பதை நிறுத்தினார். பலகையில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.