பெஞ்சில் முதலில் தீர்ந்தவள்

கெமிஸ்ட்ரி சாரை நினைத்தாலே அவர் போர்டில் எழுதிய அந்தக் கணக்குதான் வருகிறது. நாற்பது டயர், பன்னிரண்டு ஸ்டியரிங். எத்தனை கார் செய்யலாம்? கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடி, தகரக் கூரை, ப்ளஸ் டூ டியூஷன். பன்னிரண்டு என்று எல்லோரும் கத்தினோம். எங்களைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "பத்து" என்றார். "டயர் நிறைய இருக்கேன்னு பாக்காத. ஒரு காருக்கு நாலு வேணும்ல? எது மொதல்ல தீருதோ அதான் லிமிட்டிங். அது தீந்துட்டா மிச்சமெல்லாம் சும்மா கெடக்கும்."

பாடம் நடத்துவதில் ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பாடத்தை எங்கள் மேலும் நடத்தினார். பெஞ்சுக்கு மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை டெஸ்டில் மூவரில் யார் மார்க் குறைவோ, அதுதான் மூவருக்கும் மார்க். அது தொடர்ந்து குறைந்தால் மூவருக்கும் ஏ பேட்ச் போய் பி பேட்ச். அங்கே சார் வர மாட்டார். அவருடைய பழைய ஸ்டூடண்ட் ஒருவர் கைடைப் பார்த்து வாசிப்பார். நீட் கனவோடு வந்தவர்களுக்கு அது குப்பைத்தொட்டி.

எங்கள் பெஞ்சில் நான், கேம்ப் ரோட்டுத் தோழி, கேளம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வரும் ஒருத்தி. அவள் கிராமை மோலாக மாற்றவே மாட்டாள். எது எடை குறைவோ அதையே லிமிட்டிங் என்று எழுதிவிட்டு நகம் கடிப்பாள். "உன்ன சேத்து இழுக்கவே எங்களுக்கு தனியா சம்பளம் தரணும்டி" என்பேன். அவளும் சிரிப்பாள். அவளை மாற்றிவிடச் சொல்லி சாரிடம் கேட்டது நானும் தோழியும்தான்.

சார் கிளாஸ் நடுவிலேயே அவள் அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"உங்க பொண்ணால நல்லா படிக்கிற ரெண்டு பேர் கீழ போறாங்க."

"வூட்ல எப்பவும் படிச்சிக்கினுதான் கீது சார். இன்னா பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க."

அந்த 'கீது'வுக்கு மொத்த கிளாஸும் சிரித்தது. பேச்சு முடியும்வரை அவளை நிற்க வைத்திருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கீழே பி பேட்சுக்குப் போனாள். அன்று மாலை நானும் தோழியும் மார்க்கெட்டில் பானிபூரி தின்று கொண்டாடினோம்.

அடுத்த டெஸ்டில் அம்மோனியா கணக்கு. நைட்ரஜன் இரண்டு மோல், ஹைட்ரஜன் ஐந்து மோல். ஐந்தைவிட இரண்டு குறைவுதானே என்று நைட்ரஜனை எழுதினேன். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் வேண்டும். ஆறு தேவைப்படும் இடத்தில் ஐந்துதான் இருந்தது. தோழி சரியாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த டெஸ்டுகளிலும் நான்தான் குறைவு.

"சார், எனக்கு பெஞ்ச் மாத்தித் தரீங்களா?" என்று தோழி கேட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

சார் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ண எடுத்துட்டா இன்னொண்ணு மொதல்ல தீரும்மா. கெமிஸ்ட்ரி அவ்ளோதான். கீழ போ."

இப்போது எனக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஒருவரையாவது கீழே தள்ளியாக வேண்டிய வருஷ ரேட்டிங் வரும் சமயத்தில் எங்கள் டீமில் யார் முகமும் சரியாக இருக்காது. எனக்கு மட்டும் அது புதிதாகத் தெரிவதில்லை.

சார் போகச் சொன்ன அன்று கீழே போனேன். கேளம்பாக்கத்துக்காரி ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். தன் பையைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

"ஆள் வருது. பின்னாடி போ."

வருஷம் முடியும்வரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.