இரண்டாம் மெட்டு

ரத்தக்கா என்றால் அந்தச் சபையில் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். முப்பது வருடத்தில் சபையில் பாதிப்பேர் அவள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டியவர்கள்தான். ஆலயத்தில் ஆளைப் பார்த்தால்கூட அவள் கண் முகத்துக்குப் போகாது, முழங்கை மடிப்புக்குத்தான் போகும் என்று கேலி செய்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தூண் ஓரத்தில் தன் இடத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் சபை பாடும் பாட்டை எழுதியவள் அவள்தான் என்பது புதிதாய் வந்தவர்களுக்குத் தெரியாது.

சபைக்கு ஐம்பது வருடம் நிறைந்தபோது, நமக்கென்று ஒரு திருவிருந்துப் பாட்டு வேண்டும் என்று அப்போதைய போதகர் கேட்டார். கேட்டது அவள் கணவனை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பான். மெட்டுதான் முதலில் வந்தது. ஒரு மாலை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சாப்பாட்டு மேசையைத் தட்டிக்கொண்டே முனகினான்.

"இதுக்கு நீ வார்த்தை போடு. மூணாவது வரி முடிஞ்சதும் ரெண்டு தட்டு நிறுத்துவேன். அங்க ஒண்ணும் வரக்கூடாது."

"எதுக்கு நிறுத்தணும்?"

"ஜனங்க மூச்சு விட வேண்டாமா?"

நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள்.

உடைத்த அப்பம் கையில் வைத்தீர்,
உண்ணத் தெரியாமல் நின்றேன்.
கிண்ணம் வருகையில் கை நடுங்கும்,
நீரே பிடித்துக்கொள்ளும்.

இப்படி நான்கு சரணம். அவன் பாடிப் பார்த்தான். எழுந்துபோய் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு வந்தான். அவன் காபி போட்டது அவளுக்குத் தெரிந்து அந்த ஒரு தரம்தான்.

ஆறு வருடம் கழித்து வேறொரு நகரத்தில் பெரிய கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் பொருத்தப் போனான். இரண்டு மாத வேலை என்றான். இரண்டு மாதம் ஒரு வருடமாயிற்று. கடிதம் குறைந்தது, பிறகு நின்றது. அங்கே அவனுக்கு ஒரு வீடும் மனைவியும் குழந்தையும் இருப்பதாக அவன்கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவள் நீட்டிய தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். சண்டை போடவாவது ஆள் எதிரில் இருக்க வேண்டுமே. அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள்.

பாட்டு மட்டும் போகவில்லை. பாட்டுத்தாளின் அடியில் சொல் என்று அவள் பெயரும் மெட்டு என்று அவன் பெயரும், கல்யாணப் பத்திரிகைபோலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு வருடம் முதல் ஞாயிறுகளில் வேண்டுமென்றே வேலைக்குப் பெயர் கொடுத்தாள். "யாருக்கு லீவு வேணும்? நான் பாத்துக்குறேன்" என்பாள். தாராள மனசு என்று கூட இருந்தவர்கள் புகழ்ந்தார்கள். பிறகு ஆலயத்துக்கு வந்தாலும், அந்தப் பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. முன்னால் போய் மண்டியிட்டு, வாங்கிக்கொண்டு, திரும்பிவிடுவாள். பத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று.

சபையின் பாட்டுகளைப் புத்தகமாக அச்சடிக்க முடிவானது. இப்போது ஆர்கன் வாசிக்கிற பாட்டு டீச்சர் ஒரு நாள் பரிசோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பாட்டுக்கு நான் ஒரு புது மெட்டு போட்டிருக்கேன். பழசு ரொம்ப இழுவையா இருக்கு. உங்க சம்மதம் வேணும்."

"பழைய மெட்டு புத்தகத்துல வராதா?"

"வராது அக்கா."

"அப்போ அந்தப் பேரும் வராது."

ரத்தக்கா கையுறையைக் கழற்றினாள். "பாடிக் காட்டு" என்றாள்.

ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிய தாங்கிக்கு எதிரே நின்று டீச்சர் மெதுவாகப் பாடினாள். நல்ல மெட்டு. நிற்காமல் ஓடியது. அன்று பேருந்தில் ரத்தக்கா அதை முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே உரக்கப் பாடினாள். அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! தன் சொற்கள் தனக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது.

அடுத்த முதல் ஞாயிறு ஆர்கன் புது மெட்டை எடுத்தது. பாடற்குழுவில் ஒன்பது பேர் புதிதைப் பாடினார்கள். சபை ஒரு வரி தடுமாறியது. இரண்டாவது வரியிலேயே, யாரும் சொல்லிவைக்காமல், இருநூறு பேரும் பழைய மெட்டுக்குப் போய்விட்டார்கள். ஆர்கன் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம். குழம்பிப்போன பாடற்குழு வாயை மூடிக்கொண்டது. டீச்சர் கையை எடுத்துவிட்டாள்.

'கை நடுங்கும்' என்றதும் இருநூறு பேரும் நிறுத்தினார்கள். மூச்சு விட்டார்கள்.

அந்த மௌனத்துக்குள் ஒரே ஒரு குரல் மட்டும், புது மெட்டில், "நீரே பிடித்துக்கொள்ளும்" என்று பாடியது. ரத்தக்காவின் குரல்.

தலைகள் திரும்பின. அதற்குள் சபை அதே வரியைத் தன் மெட்டில் எடுத்துக்கொண்டு மேலே போயிற்று. அவள் புடவைத் தலைப்பை வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று முன்னால் போகவில்லை. அப்பமும் கிண்ணமும் எல்லாருக்கும் போய் முடிந்தபின், போதகர் தாமாகவே தூணோரம் வந்து அவள் கையில் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் டீச்சர் பாடற்குழு உடை மாற்றும் அறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அழுறே? பாட்டு என்னுது, மானம் போனது எனக்கு" என்றாள் ரத்தக்கா. டீச்சருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "ரெண்டையும் போட்டுடு. முதல் மெட்டு, இரண்டாம் மெட்டுன்னு. ஜனங்க வாயில ஊறிப்போனதை நீயும் நானும் பிடுங்க முடியாது."

"அவர்கிட்ட சம்மதம் கேக்கணுமே அக்கா."

"நானே கேக்குறேன்."

நம்பரைத் தேடிப்பிடிக்க ஒரு வாரமாயிற்று. மதிய இடைவேளையில், மருத்துவமனையின் படிக்கட்டில் நின்று பேசினாள். அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"நான்தான்" என்றாள்.

"சொல்லு" என்றான்.

புத்தக விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னும் அதையா பாடுறாங்க? அந்த ரெண்டு தட்டு நிறுத்துறாங்களா?"

"நிறுத்துறாங்க."

"மெட்டைப் போட்டுக்கோங்க." குரலைத் தாழ்த்தினான். "பேரு மட்டும் வேண்டாம். இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பையன் காலேஜ் போறான்."

"சரி."

"நீ எப்படி..."

"வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். உண்மையில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏறி இறங்குகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாதிரித்தாளைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்காரர் அவளைக் கூப்பிட்டார். "மேடம், சொல்லுக்கு நேரா உங்க பேர் இருக்கு. இரண்டாம் மெட்டுக்கு டீச்சர் பேர் இருக்கு. முதல் மெட்டுக்கு நேரா காலியா இருக்கே. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலைங்க. விட்டுட்டுப் போனது" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது. பகிர்ந்துகொள்ளத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

புத்தகம் வந்தது. ஒரு மாதம் முதல் மெட்டு, மறு மாதம் இரண்டாம் மெட்டு என்று போதகர் முறை வைத்தார். சபை இரண்டாவதையும் மெல்லக் கற்றுக்கொண்டது. ரத்தக்கா இப்போது இரண்டையும் பாடுகிறாள். முதல் மெட்டு வரும் ஞாயிறுகளில் மட்டும், வீட்டுக்குப் போனதும் வானொலியைப் போட்டுவிட்டு, அதில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமல் சமைப்பாள்.