தூக்க மெஷினும் ஒரு பாராவும்

2013 மே 14, செவ்வாய்க்கிழமை. அந்தமானின் ஹட் பே. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன், வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. மழை, கப்பல், உறக்கம் என்று மூன்று வரிகளோடுதான் என் நாட்குறிப்பு தொடங்கும். மழை: இல்லை, மூட்டம் மட்டும். கப்பல்: போர்ட் பிளேருக்கு வியாழன் காலை. உறக்கம்: நன்று. இந்த மூன்றாவது வரியைப் பல வருடங்களாக மாற்றமில்லாமல் எழுதி வந்திருக்கிறேன்.

அன்று எழுதும்போது என் மார்பில் ஒரு பட்டையும் மூக்கில் மெல்லிய குழாயும் விரலில் கிளிப்பும் இருந்தன. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று போகிறது என்று மனைவி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் எழுந்திருக்காமலே போய்விடுவேன் என்பது அவள் பயம். நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

பஜாரில் மருந்துக் கடை வைத்திருந்த பாய்தான் மெஷினைத் தருவித்தார். சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய கடை அது. முதலில் சுகர் மெஷின் விற்றார், அப்புறம் பிரஷர் மெஷின். "அடுத்தது தூக்கந்தான் அண்ணே. மெயின்லேண்ட்ல இப்ப இதத்தான் கேட்டு வர்றாங்க" என்றார். வாடகைக்கு இரண்டே இரவு. வியாழன் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் மழைக்காலம் முடிந்துதான் மறுபடி கிடைக்கும்.

ஒன்பது மணிக்கு மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, திரையில் ஓடிய கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, உங்க பக்கத்துல யாரு படுத்திருந்தா?"

"வேற யாரு, வீட்டுக்காரிதான்."

"மூச்சு பத்து செகண்ட் நின்னாத்தான் மெஷின் கணக்குல எடுக்கும். ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ள உங்கள உருட்டி விட்டிருக்காங்க. இத வச்சு டாக்டர் ஒண்ணும் சொல்ல முடியாது. டெஸ்ட் பேக்கார், வீணாப் போச்சு."

மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"உருட்டாம? மூச்சு நின்னா வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

"அதுக்குத்தானே மெஷின் மாட்டியிருக்கு."

"மெஷின் உங்கள எழுப்புமா?"

"எழுப்பாது. எழுதி வைக்கும்."

"நல்லாருக்கு. நீங்க எழுதறது பத்தாதுன்னு அது வேற."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "டின் ஷெட்லேருந்து" என்றாள், தலை நிமிராமல்.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் தகரக் கொட்டகைகளில் இருந்தோம். கடல் மறுபடி வந்தால் குரல் கொடுக்க வரிசைக்கு ஒருவர் முறைவைத்து விழித்திருந்தோம். அதற்குப் பாரா என்று பெயர். தமிழரும் வங்காளிகளும் தெலுங்கர்களும் அந்த ஒரு சொல்லையே சொன்னோம். பாராவில் இருப்பவருக்கு அடுத்த வீட்டிலிருந்து கறுப்புத் தேநீர் வரும். அத்தனை பேர் அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தகரத்தின் சூட்டைத் திட்டிக்கொண்டே இருந்தவன்தான் நான்; இன்று அந்தத் தேநீருக்கு ஏங்குகிறேன். நிரந்தர வீடுகள் கொடுத்ததும் பாரா தானாக நின்றுபோனது. நின்றுவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். தன் முறை ஒன்றில் விழித்திருந்தபோது என் மூச்சு நின்றதைக் கேட்ட அவள், பாராவை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். நான் 'உறக்கம்: நன்று' என்று எழுதிய காலைகளில் அவள் தூங்கியிருக்கவில்லை.

அன்றிரவு அவள் என் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் பாரா இல்லாம ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, எங்கள் எல்லோருக்கும் தீதி, வேலிக்கு அந்தப்புறமிருந்து தன் பாதித் தமிழில் கத்தினாள்: "சமுந்தர், கடலே வேணாம்னு விட்டுட்டுப் போன ஆளு இவரு! ஏக் ராத், ஒரு ராத்திரி தானே, வா என் வீட்டுக்கு!"

மனைவி சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, "ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள். உடனே, "வேணாம், எப்பவும்போலப் படுங்க" என்று திருத்திக்கொண்டாள்.

அன்றிரவு அந்த மெஷின் எழுதியது அவள் சொன்னதையேதான். இப்போது முகத்தில் காற்று ஊதும் இன்னொரு மெஷினோடு உறங்குகிறேன். பாயின் கடையில் தூக்கத்தை அளக்கும் கைப்பட்டைகள்கூடத் தொங்குகின்றன. ஆனால் அந்தப் பழைய நாட்குறிப்பைப் புரட்டும்போதெல்லாம் நான் நிற்பது புதன்கிழமைப் பக்கத்தில்.

அன்று ஐந்து மணிக்குப் பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். நாட்குறிப்பை அப்போது திறக்கவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்ல நேரே தீதி வீட்டுக்குப் போனேன். தீதி கதவருகே உதட்டில் விரலை வைத்து, "சோனே தோ, தூங்க விடுங்கண்ணா" என்றாள். உள்ளே என் மனைவி தரையில் குப்புறப் படுத்து, ஒரு கை விரித்துக் கிடக்க, மெல்லிய குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வெயில் முதுகில் ஏறியும் அசையவில்லை. எழுப்பாமல் படியில் உட்கார்ந்தேன். அவளாக எழுந்து வந்தபோது மணி எட்டு இருபது.