தாம்பூலப் பையில் வெண்டைக்காய்

வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். தவறினால் முற்றிவிடும். இன்னும் இரண்டு நாள் போனால் மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கொரோனா ஊரடங்கு தொடங்கி அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது.

குரும்பகரத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சம்பா அறுத்ததும் அதில் பாதியில், போர்வெல் தண்ணீரை நம்பி வெண்டை, கத்திரி, பீர்க்கை போடுவோம். விடியற்காலையில் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வியாபாரியின் வேன் வரும். மூட்டையை ஏற்றிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. அந்தக் காய் எந்த ஊரில் யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் காரைக்காலில், கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் வேறு மாநிலம் வந்துவிடும். அதுவரை எங்களுக்கு எல்லை என்றால் பிராந்திக் கடைகள் வரிசையாக இருக்கிற இடம், அவ்வளவுதான். இப்போது அங்கே தடுப்புக் கட்டை வைத்துவிட்டார்கள். வேன் வரவில்லை.

என் கணவர் அதிகம் பேசாதவர். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லாமல் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வருவார். அந்த ஐந்து நாளும் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை காரைக்கால் டவுனிலிருந்து என் கல்லூரித் தோழி போன் செய்தாள். அவள் கணவர் துபாயில் இருக்கிறார். இவள் இங்கே பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள்.

"காயக் கண்ணால பாத்து நாலு நாளாச்சுடி. உருளைக்கெழங்கும் வெங்காயமும்தான். புள்ளைங்க தட்டத் தள்ளி விடுதுங்க" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அவள் வீடு இங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை!

"எங்ககிட்ட மூட்ட மூட்டையாக் கெடக்குடி!"

"அப்ப என்னென்ன இருக்குன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. எங்க தெருப் பொம்பளைங்க குரூப்புல போட்டு வுடுறேன்."

வயலுக்கு ஓடினேன். போனை வாயருகே பிடித்துக்கொண்டு, செய்தி வாசிப்பவள் போலக் குரலைச் சரிசெய்து, "வணக்கம். எங்களிடம் பசுமையான வெண்டைக்காய்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் கணவர் வெடித்தார்.

"யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்க நீ? அத்தனையும் முத்திப் போவுது! பொட்டு மருந்து அடிக்காம, புள்ள மாதிரி வளத்தது. யாராச்சும் வந்து சும்மாவாச்சும் எடுத்துட்டுப் போங்களேன்! நாலு பேரு தின்னாப் போதும்!"

திடுக்கிட்டு விரலை எடுத்தேன். மெசேஜ் போய்விட்டது. அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் தோழி அதைக் கேட்டு, கேட்ட கையோடு என் நம்பரையும் சேர்த்துக் குரூப்பில் போட்டுவிட்டாள்.

அரை மணி நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது.

"சத்தம் போட்டாங்களே, அந்த அண்ணன் வீடுங்களா? சும்மால்லாம் வேணாம்மா, காசு குடுத்தே வாங்கிக்கிறோம். வெண்டக்கா ரெண்டு கிலோ எழுதிக்குங்க."

"எங்களுக்குப் பீர்க்கங்கா. அண்ணன அழுவ வேணாம்னு சொல்லுங்க!"

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அது நிறைந்ததும் சுவரிலேயே எழுதினேன். மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு வீடு! என் கணவர் சுவரை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு பீர்க்கம் பந்தலுக்குள் புகுந்தார்.

வேளாண் அலுவலகத்தில் பாஸ் கிடைத்தது. காயைப் போட்டுக் கொடுக்கப் பைகளுக்கு என்ன செய்வது? கடை எதுவும் திறக்கவில்லை. என் மாமியார் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து கூடத்தில் கவிழ்த்தார். இருபது வருஷமாக அவர் போய்வந்த கல்யாணங்களின் தாம்பூலப் பைகள்! மஞ்சள், ரோஸ், பச்சை என்று மலைபோலக் குவிந்தன. மூன்று பேரும் உட்கார்ந்து நிறுத்துப் போட்டோம்.

மறுநாள் காலை மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் பைகள், நடுவில் நாங்கள் இருவர். கோட்டுச்சேரி தாண்டியதும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். என் கணவருக்கு வேர்த்துவிட்டது. போலீஸ்காரர் பாஸைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"திரும்பி வர்றப்ப மிச்சமிருந்தா எனக்கு ஒரு கிலோ கத்திரிக்கா வெச்சிருங்க" என்றார்.

தோழியின் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடியிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கின. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன.

"யாருக்குடி கல்யாணம்?" என்று பையைத் தூக்கிக் காட்டினாள் தோழி. அவள் மாமியார் ஜன்னல் வழியே என் கணவரை நன்றாகப் பார்த்தார்.

"சத்தம் போட்ட தம்பி நீங்கதானா? இம்புட்டுச் சாதுவா இருக்கீங்க!"

என் கணவர் வெட்கத்தில் மொபெட்டின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

தோழி என்னையும் குரூப்பில் சேர்த்துவிட்டாள். அடுத்த பறிப்புக்கு நான் அழகாகப் பட்டியல் தட்டச்சு செய்து அதில் அனுப்பினேன். பதிலே இல்லை. கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணன் ஏன் இன்னிக்குப் பேசல?"

அவரைப் பேச வைக்க நான் பட்ட பாடு! நாலு தடவை பாதியில் நிறுத்தினார். ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பேசினார்: "எல்லாருக்கும் வணக்கம்ங்க, சலாம்ங்க. கத்திரிக்கா கொஞ்சந்தான் இருக்கு. சிலதுல புழு இருக்கும், பாத்து நறுக்குங்க. புழு இருந்தாச் சொல்லுங்க, அடுத்த தடவ சேத்துப் போடுறேன்."

அவ்வளவுதான். அன்றைக்கு நாற்பது வீடு. துபாய் எண்ணிலிருந்துகூட ஒருவர் பேசினார்: "எங்க உம்மா தனியா இருக்காங்க, நீங்கதான் பாத்துக் குடுக்கணும்." இங்கே பக்கத்து டவுனுக்குக் காய் கேட்டுக் கடல் தாண்டி ஆர்டர் வருகிறது! நான் வயலில் நின்று குதித்தேன்.

பேசிப் பழகியதும் அவருக்குத் துணிச்சலும் வந்துவிட்டது. ரமலான் முதல் நோன்பன்று காலை, என்னைக் கேட்காமலே, "நோன்புக் கஞ்சிக்குப் புதினா, கொத்தமல்லி எல்லாம் சாயந்தரத்துக்குள்ள வந்துரும்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களிடம் கொத்தமல்லி ஒரு பாத்தி இருந்தது. புதினா ஒரு இலைகூட இல்லை!

"எங்கேருந்து குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

கோபப்பட நேரமில்லை. எந்த வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லோரம் புதினா தழைத்திருக்கும் என்று யோசித்தேன். மொபெட்டில் ஏறினோம். ஒவ்வொரு வாசலிலும் தள்ளி நின்று கூப்பிட்டேன். "அக்கா, புதினா இருக்கா? டவுன்ல நோன்புக் கஞ்சிக்கு வேணுமாம்." ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு அக்கா வேரோடு பிடுங்கவே போய்விட்டார். "வேணாங்க்கா, கிள்ளிக் குடுங்க போதும்" என்று தடுத்தேன். கோட்டுச்சேரிவரை அலைந்து நாற்பத்தைந்து கட்டு சேர்த்தோம். வண்டி முழுக்கப் புதினா வாசம். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்போது தெருமுனையில் இருந்தோம். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கடைசிக் கூடையில் புதினாக் கட்டைப் போட்டதும் என் கணவர் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தடுப்புக் கட்டைகளை எடுத்த பிறகு வேனும் வந்தது. டவுனுக்குப் போக மிஞ்சுவதை மட்டும் இப்போது வியாபாரிக்குக் கொடுக்கிறோம். என்ன விதைப்பது என்று குரூப்பில் கேட்டுத்தான் விதைக்கிறோம்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேன் எங்கள் வரப்போரம் நின்றது. தோழியும் அவள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் செடிகளுக்குள் நுழைந்தார்கள். தோழியின் மாமியார் மிளகாய்ச் செடி முன் குனிந்து, "இது வானத்தப் பாத்துக்கிட்டா காய்க்கும்? கீழ தொங்கும்னுல்ல நெனச்சேன்!" என்று ஆச்சரியப்பட்டார்.

என் கணவர் அவர் பக்கத்தில் போய் நின்று, எது ஊசி மிளகாய், எது குண்டு மிளகாய் என்று சொல்ல ஆரம்பித்தார். வெயில் ஏறி, நான் மூன்றாவது முறை மோர் கலக்கி எடுத்து வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.