பொன்னமராவதியில் ஒரு ‘ம’

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மடியில் ஒரு பை, பைக்குள் இரண்டு கிலோ எடையில் ஒரு கீபோர்டு. பக்கத்து இருக்கைக்காரர் பையின் மூலை தன் தொடையில் இடிப்பதைச் சிறிது நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“உள்ள என்னங்க, கல்லு மாதிரி இருக்கு?”

“கீபோர்டுங்க.”

“கச்சேரிக்குப் போறீங்களா?”

“இல்லைங்க, கம்ப்யூட்டர்ல தட்டுறது.”

“கம்ப்யூட்டரு?”

“அது வீட்ல இருக்குங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியவர்தான். கீரனூர் தாண்டி நார்த்தாமலைக் குன்றுகள் தெரியும்வரை என் பக்கம் முகத்தைக் காட்டவில்லை. நானும் அந்தக் குன்றுகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நார்த்தாமலை பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். பார்த்தாயிற்று. பொய் சொன்னவன் ஆகவில்லை.

உண்மையில் நான் போனது பொன்னமராவதிக்கு, ஒரு கீபோர்டுக் கடையின் கடைசிச் சரக்கைப் பார்க்க.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அறியாத புண்ணியவான்களுக்கு இரண்டு வரி. சாதாரண கீபோர்டில் விசைகளுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்புதான் இருக்கும். எங்களுடையதில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு சுருள்வில். பெட்டி, சுவிட்ச், எழுத்து போட்ட மூடி என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு தட்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் இதில் விழுந்தோம். மழைத்துளிபோல் சத்தம் வருகிறதா, சோழி உருட்டியதுபோல் வருகிறதா என்று இணையக் குழுவில் பொழுதெல்லாம் வாதாடினோம்.

பிறகு வேகம் குறைந்தது. ஆளுக்கு நான்கைந்து வாங்கிவிட்டோம், விரல் என்னவோ பத்துதான். அதற்குள் கால்பங்கு விலையில் ஆயத்தக் கீபோர்டுகள் வந்து, நாங்கள் மாதக்கணக்கில் மெனக்கெட்ட அதே சத்தத்தைப் பெட்டியைப் பிரித்ததுமே கொடுத்தன. குழுவில் பேச்சு ஓய்ந்தது. சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

மூடுகிறேன் என்று கடைசியாக அறிவித்தவர் பொன்னமராவதி ரஹ்மத் நிஷா. அவர் ஒருமுறை தமிழ் எழுத்து போட்ட மூடிகளை வடிவமைத்திருந்தார். நூறு பேர் சேர்ந்தால்தான் ஆலையில் செய்து தருவார்கள். இருபத்துமூன்று பேர் சேர்ந்தோம். திட்டம் படுத்துவிட்டது. ஆனால் மாதிரிக்கென்று செய்த ஒரே ஒரு செட் அவரிடம் இருந்தது. அது எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

“இருக்குது சார். ஆனா ஒரு எடத்துல மாட்டிக் குடுத்துருக்கேன். நீங்க நேர்ல வந்தா கேட்டுப் பாக்கலாம்” என்றார். அதனால்தான் பயணம். மாட்டிப் பார்க்கத்தான் கையோடு கீபோர்டு.

எட்டேகாலுக்குப் புதுக்கோட்டை. நான்கு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். எட்டே முக்காலுக்குப் பொன்னமராவதி பஸ். நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை என்று நின்று நின்று, சுமார் நாற்பது கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தது.

பத்து மணி. நிஷாவின் கடை பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, உரக்கடைக்கு மேல் மாடி. நான் ஒரு துக்க வீட்டுக்குப் போகும் முகத்தைத் தயார் செய்துகொண்டு படியேறினேன். மேலே மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிஷா புதிதாக விற்கத் தொடங்கியிருந்த பில் மிஷினை வாங்க வந்த மளிகைக் கடைக்காரர்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் நிஷா, ஒருவருக்கு மிஷினில் காகிதச் சுருள் மாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“வாங்க சார். திருச்சிதானே? உக்காருங்க.”

அவர்கள் போனதும், “கடைய மூடுறதுல ரொம்ப வருத்தமா இருக்குங்க” என்றேன்.

“எனக்கு இல்ல சார்” என்றார். “உங்க ஆளுங்க ஒரு சுவிட்ச் வாங்க நாப்பது கேள்வி கேப்பாங்க. சத்தம் கனமா இருக்குமா, மெலிசா இருக்குமான்னு. இவங்க ஒரே கேள்விதான் கேக்குறாங்க. பில்லு வருமா, வராதா?”

“அப்புறம் ஏன் இந்தத் தொழில் இப்படிப் படுத்துச்சு?”

“பொருள் நல்லா இருந்துச்சு சார், அதான். ஒண்ணு வாங்குனா பத்து வருஷம் ஓடுது. கெட்டுப்போனாத்தானே மறுபடி வாங்குவீங்க?”

பத்தே முக்காலுக்கு என்னை அந்த ‘ஒரு எடத்துக்கு’க் கூட்டிப் போனார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம். படியேறும்போதே சத்தம் காதில் விழுந்தது. படபடபடவென்று, தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல. என் வாழ்நாளில் அப்படி ஒரு தட்டச்சைக் கேட்டதில்லை. உள்ளே அமுதா என்ற பெண் கையெழுத்துப் பிரதியில் கண்ணை வைத்தபடி, திரையையும் பார்க்காமல், விசைகளையும் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தார். விரல்களுக்குக் கீழே மஞ்சள் மூடிகளில் சிவப்பில் அ, இ, உ. நாட்டிலேயே ஒரே செட்.

நிஷா விஷயத்தைச் சொன்னார். அமுதா கொஞ்சமும் தயங்கவில்லை.

“மூடிதானே? எடுத்துக்கிட்டு வேற மாட்டிக் குடுங்க சார். எழுத்த யாரு பாக்குறா? இதுல போட்டுருக்க எழுத்துக்கும் நான் அடிக்கிறதுக்கும் சம்பந்தமே கெடையாது. இது கம்ப்யூட்டருக்குன்னு வந்த தமிழ்99 முறை. நான் படிச்சது பழைய டைப்ரைட்டிங் முறை.”

“அப்ப இத ஏன் வச்சிருக்கீங்க?”

“சத்தத்துக்குத்தான். எதுக்க உக்காந்துருக்கவங்களுக்குச் சத்தம் கேக்கணும். பழைய கீபோர்டுல மெதுவாக் கேக்கும். ‘என்னம்மா, வேல நடக்குதா?’ன்னு நிமிஷத்துக்கு ஒருக்கா கேப்பாங்க. இப்ப யாரும் கேக்குறதில்ல.”

எதிரே அப்போதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கருப்பையா, அறுபது தாண்டிய விவசாயி. மனைவி பெயருக்கு முப்பது சென்ட் நிலத்தை எழுதிவைக்க வந்திருந்தார். பன்னிரண்டரைக்கு டோக்கன். ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மனைவி மாரிக்கண்ணு ஏற்கெனவே எதிர் அலுவலகத்தில் போய் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“பய ஒருத்தன் சென்னையில, ஒருத்தன் துபாயில” என்றார் கருப்பையா என்னிடம். “எனக்கப்புறம் அவ யாருகிட்டயும் போயி நிக்கக் கூடாதுங்க.”

நான் வேலையைத் தொடங்கினேன். அமுதா டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மாற்றாக நிஷாவிடம் மீந்திருந்தது எழுத்தே இல்லாத கறுப்பு மூடிகள்தான். அவையும் விற்காதவை. ஒரு மூடியைப் பிடுங்கும்போது அடியிலிருந்த சுவிட்சும் சேர்ந்து வந்துவிட்டது. இது சகஜம். திரும்ப உள்ளே வைத்து அழுத்தினேன். ‘கிறிச்’ என்றது. அதையும் சகஜம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொன்று இருபது. அமுதா வந்தார், அடித்தார், அச்செடுத்துக் கருப்பையாவிடம் படிக்கக் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“என்னத்தா இது? ‘எனது னைவி’?”

அமுதா தாளை வாங்கிப் பார்த்தார். ‘எனது னைவி’ என்றே இருந்தது. அடுத்து மாரிக்கண்ணுவின் பெயர். அதன் முன்னால் துணைக்கால் மட்டும் ஆதரவில்லாமல் நின்றது. ‘ாரிக்கண்ணு’. ‘நிலம்’ எல்லாம் ‘நில்’ ஆகியிருந்தது. பத்திரம் முழுவதிலும் ஒரு ‘ம’ கிடையாது.

“எம் பொண்டாட்டி தலையெழுத்தையே காணோமேம்மா!” என்று கருப்பையா எழுந்து நின்றுவிட்டார்.

‘கிறிச்’ என்ற அந்தச் சுவிட்சை வெளியே எடுத்தேன். ஊசிபோல் மெலிந்த அதன் இரண்டு கால்களில் ஒன்று மடங்கிக் கிடந்தது. நிஷா தலைத்துணியில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றி அதை நிமிர்த்தப் பார்த்தார். கால் ஒடிந்து குண்டூசியோடு வந்துவிட்டது. நிஷா என்னைப் பார்த்தார். அமுதா என்னைப் பார்த்தார். கருப்பையாவின் செல்போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டதுபோல் மாரிக்கண்ணுவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“வாரீங்களா, இல்லியா? இங்க பேரு கூப்புட ஆரம்பிச்சுட்டாக!”

“வாரேன், வாரேன். ஒம் பேருலதான் ரிப்பேரு!”

“கடையில வேற சுவிட்ச் இல்லையா?” என்று நிஷாவிடம் கேட்டேன்.

“போன வாரம் மொத்தமா ஒருத்தருக்குப் பார்சல் போட்டுட்டேன் சார்.”

பையைத் திறந்தேன். என் கீபோர்டில் இருப்பவை சத்தமே வராத சுவிட்சுகள். குடும்ப அமைதிக்காகத் தேடித் தேடி வாங்கியவை. ஆறு மாதம் காத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் எண்ணெய் தடவிப் பூட்டியிருந்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் ஒரு கணம்கூடத் தயங்கியிருக்கக் கூடாது. இரண்டு கணம் தயங்கினேன். பிறகு ஒன்றைப் பிடுங்கி அங்கே வைத்தேன், இந்த முறை நேராக.

அமுதா அடித்துப் பார்த்தார். படபடவென்ற மழைக்கு நடுவே ‘ம’ வரும்போது மட்டும் சத்தம் பஞ்சில் விழுந்ததுபோல் அடங்கியது. ஆனால் திரையில் எழுத்து வந்தது. மனைவி முழுசாக வந்தார்.

“சரி, அடிச்சிரவா?” என்றார் அமுதா.

“இரும்மா” என்றார் கருப்பையா. “அந்த எழுத்துப் போட்ட வில்லையெல்லாம் எங்க? இதுல ஒண்ணுமே எழுதலையே? எதப் பாத்து அடிக்கிற?”

“நான் எதையும் பாக்குறதில்லங்கய்யா.”

“நான் பாக்குறேன்ல! காலையில முத வரைவு அடிக்கையில அந்த ‘ம’ மேலதான் கண்ண வச்சிருந்தேன். அவ பேரு வரும்போது அதுல வெரலு விழுந்துச்சு. ரெண்டாந்தடவ மொட்டக் கட்டையா இருந்துச்சு, பேரு போச்சு. அத மாட்டுங்க.”

சுவிட்ச் வேறு, மூடி வேறு என்று விளக்க வாயெடுத்தேன். நிஷா கண்ணால் தடுத்தார். மணி பதினொன்று ஐம்பது.

நானும் நிஷாவும் இரண்டு பக்கமும் நின்று கறுப்பு மூடிகளைக் கழற்றி, மஞ்சள் மூடிகளை மறுபடி மாட்டினோம். மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். அமுதாவின் பழைய முறையும் மூடியில் இருக்கும் தமிழ்99 முறையும் அநேக எழுத்துகளில் சண்டைக்காரர்கள். ‘ம’ மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தது, நம்பத்தகுந்த ஒரே எழுத்தை.

பன்னிரண்டு பத்துக்குப் பத்திரம் அச்சாகி வந்தது. கருப்பையாவுக்குக் கையெழுத்து தடவைக்கு ஒரு மாதிரி வருமாம், அதனால் கைரேகைதான். தாள் தாளாகப் பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தார். கடைசித் தாள் முடிந்ததும் குனிந்து, அதே விரலால் அந்த விசையை ஒருமுறை அழுத்தினார்.

“இது மட்டும் ஏன் சத்தம் போடல?”

“அது வெல கூடுன சுவிட்சுங்க” என்றேன்.

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினார். மஞ்சள் மூடியில், ‘ம’வின் மேல், ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

அமுதா துணியை எடுத்துத் துடைக்கப் போனார். முந்திக்கொண்டு போனில் ஒரு படம் எடுத்தேன். மூடிகளை அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும், “இருக்கட்டும் சார், நாளைக்கு இன்னொருத்தரு வந்து ‘எழுத்து எங்க?’ன்னு கேப்பாரு” என்றார்.

ஒன்று ஐந்துக்கு எதிர்ப்பக்கம் இருவரும் வெளியே வந்தார்கள். மாரிக்கண்ணு கையில் ரசீதைப் பிடித்திருந்தார். என்னைக் காட்டிக் கருப்பையா ஏதோ சொல்ல, அந்த அம்மா சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லா இருங்க தம்பி!” என்று கத்தினார்.

சாப்பாடு நூறு ரூபாய், நிஷா கொடுத்துவிட்டார். மூன்று மணிப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் இணையக் குழுவில் எல்லோரிடமும் அருமையான கீபோர்டுகள் இருக்கின்றன. படம் போடுவோம், சத்தத்தைப் பதிவு செய்து போடுவோம். அவற்றில் யாரும் எதையாவது எழுதி நான் பார்த்ததில்லை. இங்கே ஒன்றில் காலையிலிருந்து மாலைவரை மனைகளும் வயல்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

நச்சாந்துபட்டி தாண்டும்போது அந்தப் படத்தைக் குழுவில் போட்டேன். இரண்டு மாதமாக யாரும் பேசாத குழு. புதுக்கோட்டை வருவதற்குள் முதல் கேள்வி வந்தது. “அந்த ஊதா ரேகை டிசைன் பிரமாதம். எந்தக் கம்பெனி? எல்லோரும் சேர்ந்து வாங்கலாமா?” அடுத்த அரை மணியில் பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அதை அப்படியே நிஷாவுக்கு அனுப்பிவைத்தேன். கீரனூரில் பதில் வந்தது.

“வேண்டாம் சார். நான் நிம்மதியா இருக்கேன்.”