அண்ணனைக் கேட்காமல் எழுதிய பத்தி

மலாக்காவின் குருபோங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில், என் பக்கத்து மேசை நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவருடையது. டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். உற்பத்தி லைனில் ஸ்குரூ முடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இயந்திரங்களைச் சோதிக்கும் நிரல்களைத் தானாகவே எழுதக் கற்றுக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். நான் யுனிவர்சிட்டியில் நான்கு வருடம் படித்ததை அவர் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்திருந்தார்.

நிரல் எழுதும் எடிட்டரில் நாங்கள் இருவரும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் ஒரு துணை நிரலைப் பயன்படுத்தினோம். ஒரு நிரலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அது ஒப்பிட்டுக் காட்டும். நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை.

"தம்பி, இதுல எது பழசு, எது புதுசு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"என்னாண்ணே, செவப்பு பழசு, பச்சை புதுசு லா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

அதன்பின் கேன்டீனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சிறுவயதில் ரம்புத்தான் மரத்தில் ஏறிச் சிவந்த பழத்தோடு பச்சைக் காயையும் பறித்துப் போட்டு அம்மாவிடம் அடி வாங்கியது. வேலைக்குச் சேர்ந்தபோது நடந்த கண் பரிசோதனையில், முன்னால் நின்றவர்கள் நிறப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களை உரக்கப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டது. இயந்திரத்தின் மேல் விளக்கு சிவப்பு, கீழ் விளக்கு பச்சை என்று இடத்தை வைத்தே இத்தனை வருடம் ஓட்டியது.

அந்த எக்ஸ்டென்ஷன் திறமூலமானது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பாச்சாங்கில் என் வாடகை வீட்டில் மூன்று வாரம் உட்கார்ந்து, நீக்கிய வரிக்குக் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டல் குறியும் ஓரத்தில் வருமாறு எழுதி அனுப்பினேன். அதைப் பராமரிப்பவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார். நிறங்களை மாற்றிக்கொள்ளும் வசதி ஏற்கனவே இருக்கிறதே, இது யாருக்குத் தேவை என்று இரண்டே வரியில் கேட்டிருந்தார்.

திரையில் நிறத்தை மாற்றினால் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்களே என்றுதான் அண்ணன் அதைத் தொடாமல் இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. உடனே அந்த இணையப் பக்கத்திலேயே பதிலாக ஒரு நீண்ட பத்தி எழுதினேன். எஸ்டேட், ரம்புத்தான், கண் பரிசோதனை, விளக்குகள் எல்லாவற்றையும் போட்டேன். பெயர் மட்டும் போடவில்லை. எழுதி முடித்ததும் எனக்கே நெஞ்சு நிறைந்தது. படித்தவர்கள் இதயக் குறிகளை இட்டார்கள். அந்த வாரமே திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

புதிய பதிப்பை அண்ணனின் கணினியில் போட்டுக் காட்டினேன். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "இப்ப பளிச்சுன்னு தெரியுது தம்பி" என்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பத்தியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியதால்தான் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு எங்கள் பிரிவில் ஒருவர் என்னைப் பாராட்டுவதாக நினைத்து, "நம்ம ஆளு உலக லெவல்!" என்று அந்தப் பக்கத்தின் இணைப்பை ஆபிஸ் குரூப்பில் போட்டுவிட்டார். பக்கத்தில் என் பெயர் இருந்தது. என் அறிமுகத்தில் வேலை செய்யும் இடமும் இருந்தது. சோதனைப் பிரிவில் எஸ்டேட்டிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. விளக்கு மாறிப் புரிந்தால் யாருக்காவது கை போகும் என்றார். அதுவும் உண்மைதான். மறுபடியும் கண் பரிசோதனை நடந்தது. இந்த முறை தனி அறையில். அடுத்த திங்கட்கிழமை அண்ணனைச் சரக்கு வைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

பத்தியை அழித்தேன். அதனால் என்ன பயன்? அந்த விவாதத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அது எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

ஸ்டோருக்குப் போனேன். அண்ணன் பெட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் பேரு போடலண்ணே."

"பேரு எதுக்கு தம்பி? அந்தக் கதையெல்லாம் உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

அவர் லேபிளை விரலால் நீவி ஒட்டினார்.

"நல்லதுக்குத்தான் பண்ணுன, தெரியும். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே எழுதிக் குடுத்திருப்பேன் லா. என் பேரப் போட்டே எழுதியிருப்பேனோ என்னமோ. இல்ல, வேணாம்னு சொல்லியிருப்பேன். அத நாந்தானே சொல்லணும்?"

அவர் எழுதக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆங்கிலத்தில் என்னைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுகிறவர் அவர். அவருக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவரை என் வாதத்துக்கு ஓர் உதாரணமாக்கியிருந்தேன்.

விளக்கைப் பார்க்காமலே செய்யக்கூடிய நிரல் வேலை எங்கள் பிரிவில் நிறைய இருக்கிறது, அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை கேட்டேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டோர் கணினியில் எடிட்டர் கிடையாது.

கேன்டீனில் அண்ணன் இப்போதும் எனக்கு இடம் ஒதுக்கித்தான் உட்காருகிறார். பந்து விளையாட்டைப் பேசுவார். டுரியான் துங்கால் ரோட்டில் காலை டிராஃபிக் ஜாமைப் பேசுவார். தன்னைப் பற்றி மட்டும் அதன்பின் என்னிடம் அவர் எதுவும் சொன்னதில்லை.